கடைசி ஆள் தேவை

பாசமுள்ள தம்பிக்கு,

இஸ்திரிக் கடையிலிருந்து உன் அக்கா, சூடு ஆறாத பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுவது. இங்கே நான் நலம், உன் மாமா நலம், அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் நலமில்லை. நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கிடங்கில் மூட்டை எண்ணும்போது தூங்கிவிடாமல் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதையெல்லாம் முதலில் எழுதிவிட வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று ஆறாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், நான் போகவில்லை. ஆகையால் இனி வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு.

விஷயம் இதுதான். உன் சைக்கிள் ரேஸ் சாகக் கிடக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு பேர் ஓட்டி முடிக்காவிட்டால், ரோட்டை அடைப்பதற்குக் கொடுத்த அனுமதிக் காகிதத்தை டிராபிக் இன்ஸ்பெக்டர் கிழித்துப்போட்டுவிடுவார். என் கையில் இருப்பது ஐந்து பேர். இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். ஏழு முறை போனில் எழுதினேன். ஏழு முறையும் நீ கட்டைவிரல் படம் அனுப்பினாய். ரேஸ் நிற்கப் போகுதுடா என்றேன், கட்டைவிரல். அக்காவுக்கு அழுகையாய் வருதுடா என்றேன், இரண்டு கட்டைவிரல். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இதற்குக் கட்டைவிரலைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் வெட்டித்தான் அனுப்ப வேண்டும்.

நீ கிளம்பிய அன்று நடந்ததை நினைத்துப் பார். கையில் பெட்டி, முதுகில் பை, வாசலில் ஆட்டோ, அந்த நேரத்தில் என் போனைப் பிடுங்கி எதையோ தட்டிவிட்டு, "அக்கா, நம்ம ரேஸுக்கு ஒரு குரூப் ஆரம்பிச்சிருக்கேன், இனிமே நீதான் அட்மின்" என்றாய். "அப்படின்னா என்னடா வேலை?" என்று கேட்டேன். "ஒண்ணும் பெரிசா இல்ல, வாராவாரம் போர்டுல எழுதுவியே, அதையே இதுலயும் எழுது. ஆள் தானா சேரும். ஆள் சேர்ந்தா ரேஸ் வளரும்" என்றாய். நீ சொன்னதில் பாதி பலித்தது. ஆள் தானாகச் சேர்ந்தது.

வினை அந்தப் போர்டில் இருந்ததை நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. நம் வழக்கம் உனக்குத் தெரியும். காலை ஆறேகாலுக்குப் பதினான்கு பேரும் என் கடை வாசலில் கிளம்புவார்கள், தண்ணீர்த் தொட்டியையும் கிடங்குகளையும் மூன்று சுற்று சுற்றி என் கடை வாசலிலேயே வந்து முடிப்பார்கள். வரும்போது போட்டு வந்த சட்டை, கால்சட்டையைக் கடைக்குப் பின்னறையில் மாற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள், நான் தேய்த்து வைப்பேன். மூட்டைக்கு மூட்டை மாறிப்போகக்கூடாதே என்று துணியைப் பார்த்து ஒரு பேர் எழுதிக் கட்டுவேன். சட்டை தகரம் மாதிரி நிற்க வேண்டும் என்கிற பத்திர ஆபீஸ் எழுத்தர் கஞ்சி. தொப்பை தள்ளித் தள்ளி வாரம் ஒன்று தெறித்துப்போகும் பஸ் டிரைவர் பித்தான். இரண்டு கால் இருந்தும் எப்போதும் ஒன்றே ஒன்றைக் கொண்டுவருகிற மருந்துக்கடைக்காரர் ஒத்தைச் சாக்ஸ். அந்தப் பேர்தான் ரேஸிலும். சொந்தப் பேர் ஒருத்தனுக்கும் தெரியாது, கேட்டதும் இல்லை. ரேஸ் முடிந்ததும் கரும்பலகையில் இரண்டே வரி எழுதுவேன். ஒன்று முதலில் வந்தவன், இன்னொன்று கடைசியில் வந்தவன். நடுவில் வந்தவன் கதை யாருக்கு வேண்டும்? முதல் ஆளுக்குப் பேர் மட்டும். கடைசி ஆளுக்குப் பேரோடு கூட ஒரு வரி. "கடைசி: ஒத்தைச் சாக்ஸ். இவர் வருவதற்குள் நான் நான்கு படுக்கை விரிப்பு தேய்த்துவிட்டேன், அதில் இரண்டு இரட்டைக் கட்டில்." அதைப் படித்துவிட்டுப் பதினான்கு பேரும் சிரிப்பார்கள், அவர்தான் எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரிப்பார். நீ இருந்த காலத்தில் நீயும் அவரும்தான் கடைசி இடத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தீர்கள், அது உனக்கு மறந்திருக்கும், போர்டுக்கு மறக்காது.

அந்த வரியை அப்படியே குரூப்பில் போட்டேன் தம்பி. அவ்வளவுதான் நான் செய்த பாவம். முதல் வாரம் பதினான்கு பேர் படித்தார்கள். அடுத்த வாரம் நூறு பேர். யாரோ யாருக்கோ அனுப்பி, அவன் இன்னொருத்தனுக்கு அனுப்பி, ஒரு மாதத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது பேர். எங்கெங்கோ இருக்கிறார்கள். சைக்கிளே இல்லாதவன் டயருக்கு எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்று பாடம் எடுக்கிறான். கப்பலில் வேலை செய்கிற ஒருத்தன், நடுக்கடலில் உட்கார்ந்துகொண்டு, நம் இரண்டாவது வளைவில் மணல் கிடப்பதைக் கூட்டக்கூடாதா என்கிறான். ஒருத்தன் தினமும் காலையில் ரோஜாப்பூ அனுப்புகிறான், ரேஸைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஞாயிறு எட்டு மணி ஆனால் போதும், அத்தனை பேரும் ஒரே குரல்: "அக்கா, கடைசி யாரு?" முதலில் வந்தது யார் என்று ஒரு நாயும் கேட்பதில்லை.

எனக்கும் மனசு குளிர்ந்துவிட்டது, மறைத்து என்ன பிரயோசனம். வாரத்தில் ஆறு நாள் ஆட்கள் என்னிடம் துணிக்காக வருகிறார்கள். துணியைப் பார்ப்பார்கள், மடிப்பைப் பார்ப்பார்கள், என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். ஞாயிறு காலையில் மட்டும் பதினான்கு பேர் இன்றைக்கு இவள் என்ன சொல்லப் போகிறாள் என்று என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதுவே எனக்கு வாரம் முழுக்கப் போதும். இப்போது ஆயிரம் பேர் என்றதும் வாய் நிற்கவில்லை. ஒரு வரி போய் நான்கு வரி ஆனது. "ஒத்தைச் சாக்ஸைத் தேடிப் போன காக்காயும் திரும்பவில்லை" என்று எழுதினேன். "இவர் சென்ற வாரம் கிளம்பிய ரேஸை இந்த வாரம் முடித்திருக்கிறார்" என்று எழுதினேன். ஆயிரம் பேர் சிரித்தார்கள்.

ஒத்தைச் சாக்ஸ் அண்ணன் மறுநாள் கடைக்கு வந்தார். கையில் துணி இல்லை. நான் வழக்கம் போல, "என்னண்ணே, நேத்துக் கிளம்பினீங்களா, இப்பத்தான் வந்து சேர்றீங்களா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"பொண்ணோட மாமியார் போன் பண்ணுச்சும்மா. 'உங்கப்பா எல்லாத்துலயும் கடைசியாமே, ஊர் முழுக்கச் சிரிக்குதாமே'ன்னு பொண்ணுகிட்டக் கேட்டிருக்கு. பொண்ணு எனக்குப் போன் பண்ணி, 'ஏம்பா, மெதுவா ஓட்டுறதுக்கு வீட்டுலயே இருக்கக்கூடாதா'ன்னு கேட்டா."

"அய்யோ அண்ணே, விளையாட்டுக்கு எழுதினதுண்ணே."

"தெரியும்மா. விளையாட்டுதான். பதினாலு பேருக்கு நடுவுல விளையாட்டு. அந்தம்மா பதினஞ்சாவது ஆளு, அதான்."

அதோடு போய்விட்டார். துணியை இப்போது எதிர்த்தெருக் கடையில் கொடுக்கிறார். அங்கே ரெண்டு சாக்ஸும் கொடுக்கிறாராம், கேள்விப்பட்டேன். அது எனக்குக் கத்தியால் குத்தின மாதிரி இருந்தது.

சரி, ஒருத்தர் போனால் என்ன, பதின்மூன்று பேர் இருக்கிறார்களே என்று நினைத்தேன். ஐந்தாம் வகுப்புக் கணக்கு அவ்வளவுதான் போகும். தம்பி, கடைசி ஆள் போய்விட்டால் அவனுக்கு முன்னால் வந்தவன் கடைசி ஆகிறான். இது என் மண்டைக்கு எட்டுவதற்குள் அடுத்த ஞாயிறு வந்துவிட்டது. அந்த வாரம் கடைசி வந்தவன் பள்ளிக்கூட வாட்ச்மேன். அவனைப் பற்றி இரண்டு வரி போட்டேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேட்டில் நின்று மணி அடித்துக் காட்டினார்களாம், அவன் நின்றுவிட்டான். அடுத்து கொத்தனார். அடுத்து கண்ணாடிக் கடைக்காரர். சட்டையில் நூல் பிரிந்தால் ஒரு முனையிலிருந்து சரசரவென்று போகுமே, அப்படிப் போகிறது. நாம் நடத்துவது ரேஸ் இல்லை, வாரத்துக்கு ஒருத்தனை வெட்டிப் போடுகிற எந்திரம். அதன் பொத்தானை அழுத்துகிறவள் நான்.

ஆறாவது வாரம் எனக்குப் புத்தி வந்தது. "இந்த வாரம் எல்லாரும் முதல்" என்று எழுதிவிட்டேன். நல்ல காரியம் செய்தேன் என்று ஒரு டீ குடிக்க உட்கார்ந்தேன், டீ ஆறுவதற்குள் குரூப் பற்றி எரிந்தது. ஆயிரம் பேரும் நான் போட்ட போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்து, நிழலை அளந்து, பின்னால் நிற்கிற பால் வண்டியை வைத்து மணியைக் கணக்குப் போட்டு, அரை மணி நேரத்தில் கடைசி ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருத்தன் அந்தப் போட்டோவில் வட்டம் வேறு போட்டிருந்தான். இந்தத் திறமையை வைத்துக்கொண்டு இவர்கள் போலீஸில் சேர்ந்திருந்தால் நாட்டில் திருட்டே இருக்காது.

அதைவிடப் பெரிய கூத்து அதே நாளில் ஆரம்பித்தது. குரூப்பில் எவனும் சொந்தப் பேரில் இல்லை, நான் கட்டின பேரிலும் இல்லை. எல்லாரும் தனக்குத் தானே பட்டம் கட்டிக்கொண்டு உலாவுகிறார்கள். அதில் புயல்சக்கரம் என்று ஒருத்தன், எல்லாரும் முதல் என்றால் உண்மையில் முதலில் வந்தவன் மடையனா என்று கேட்டான். தனிச்சிங்கம் என்று இன்னொருத்தன், ஜெயித்தவனுக்குத் தலைக்கனம் கூடாது என்றான். அது அப்படியே வளர்ந்தது. "உன்னைப் போல ஒருவன் பின்னால் வந்தால் நான் சைக்கிளைப் படுக்கப்போட்டுவிட்டு நடந்தே போவேன்" என்றது சிங்கம். "உன் முதுகைப் பார்த்துக்கொண்டு வருவதைவிடக் குப்பை லாரிக்குப் பின்னால் வருவேன்" என்றது புயல். ஆயிரம் பேரில் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். நடுக்கடல்காரன் மட்டும் ரெண்டு பக்கமும்.

இந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் கஞ்சியும் பித்தானும் கடைக்கு வந்தார்கள். இந்த ரெண்டு பேரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருத்தன் முன்னால் காற்றை வெட்டிக்கொண்டு போக, இன்னொருத்தன் அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டு போவான், அடுத்த சுற்றில் மாற்றிக்கொள்வார்கள், கடைசி வளைவில் பிரிந்து முட்டிக்கொள்வார்கள், யார் ஜெயித்தாலும் ஒரே கிளாஸில் பாதிப் பாதி டீ. அன்றைக்குக் கஞ்சியின் சட்டையைப் பலகையில் விரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ரெண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மனுஷனாடா இவன்? சிங்கமாம். அசிங்கம்" என்றான் கஞ்சி.

"விடுடா, எனக்கும் ஒருத்தன் வாய்ச்சிருக்கான். நாலு எழுத்துப் படிச்ச திமிரு" என்றான் பித்தான்.

"அந்த ஆளு மட்டும் என் கையில சிக்கட்டும்."

"நீ எதுக்குக் கையை அழுக்காக்குற? எனக்கு அடையாளம் காட்டு, பஸ்ஸை ஏத்திடறேன்."

"உனக்கு ஒண்ணுன்னா நான் சும்மா இருப்பேனாடா? உன்கிட்ட வம்பு பண்றவன் யாருன்னு சொல்லு, பத்திரமே பதியவிடாம அலைய வைக்கறேன்."

சொல்லிக்கொண்டே கஞ்சி எதையோ தட்டி அனுப்பினான். பித்தானின் பையில் 'டிங்' என்றது. பித்தான் எடுத்துப் பார்த்து, "பாருடா, நாக்குல நரம்பில்லாதவன், இப்பத்தான் அனுப்பறான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பதில் தட்டினான். கஞ்சியின் கையில் 'டிங்'. அவன் தட்ட, இவன் 'டிங்'. இவன் தட்ட, அவன் 'டிங்'. நாலு தடவை. தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒருத்தன் தொடையில் ஒருத்தன் தட்டி ஆறுதல் சொல்லிக்கொண்டு. பெட்டி கஞ்சியின் காலரிலேயே நின்றுவிட்டது. புகை வந்த பிறகுதான் மூவரும் திரும்பிப் பார்த்தோம்.

"என்னக்கா, சட்டையத் தேய்க்கறியா, சுடுறியா?" என்றான் பித்தான்.

பிறந்ததிலிருந்து வாயை மூடாத உன் அக்கா அன்றைக்கு வாயை மூடிக்கொண்டாள், குறித்து வைத்துக்கொள். சொல்லியிருப்பேன். சொன்னால் ரெண்டு பேருக்கும் மானம் போகும், மானம் போனால் ரெண்டு பேரும் நிற்பார்கள். இருக்கிற ஆளில் ரெண்டு போனால் நான் எங்கே போவேன்? தீய்ந்த காலரை மடித்து உள்ளே வைத்து, "உன் கழுத்துச் சூடுதான்பா" என்று சொல்லி அனுப்பினேன். போகும்போது ரெண்டு பேரும், ஞாயிற்றுக்கிழமை நேரில் வரச்சொல்லி அவனவன் எதிரிக்குச் சவால் விட்டிருப்பதாகப் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இன்ஸ்பெக்டர் கதையைக் கேள். அதற்கு முந்தின வாரம், குரூப்பில் ஒரு புண்ணியவான் "ஞாயிறு யார் யார் வருகிறீர்கள்?" என்று கேட்டு ஒரு பொத்தானை வைத்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் 'வருகிறேன்' என்று அழுத்தினார்கள். எனக்கு உயிர் வந்துவிட்டது. ஓடிப்போய் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் துணியும் நம்மிடம்தானே வருகிறது, விசில் என்று கட்டியிருக்கிறேன், அவருக்குத் தெரியாது. அவரும் நம்பி, பெரிய அதிகாரியிடம் சொல்லி, எட்டு தடுப்புக் கட்டை, ஆறு கான்ஸ்டபிள், ஒரு ஆம்புலன்ஸ் என்று கொண்டுவந்து நிறுத்திவிட்டார். பெரிய அதிகாரியே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வந்தது ஆறு பேர். ஏழாவதாக ஒருத்தர் நாயோடு வந்தார், தடுப்புக் கட்டையைப் பார்த்து நாயே திரும்பிவிட்டது.

"ஏம்மா, முந்நூறுன்னு சொன்னியே?" என்றார் இன்ஸ்பெக்டர், பெரிய அதிகாரி போன பிறகு.

"எல்லாரும் வர்றேன்னுதான் சார் அழுத்தினாங்க."

"எங்க அழுத்தினாங்க?"

"போன்ல சார்."

"அப்போ தடுப்புக் கட்டையையும் போன்லயே போட்டிருக்கலாமே. என்னை ஏன் நிக்க வெச்ச?" அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். களைத்துப்போய்ச் சொன்னார். "இந்தா பாரும்மா, ஆறு பேருக்குக் குறைஞ்சா இது ரேஸ் இல்ல, நாலு பேர் காத்து வாங்கறது. வர்ற ஞாயிறு ஏழரைக்குள்ள ஆறு பேர் உன் கோட்டைத் தாண்டணும். இல்லேன்னா ரோடு கிடையாது. இந்த வாரம்னு இல்ல. இனிமேலே கிடையாது."

அந்த ஆறு பேரில் ஆறாவதாக வந்தவன் திங்கட்கிழமை வந்து துணியை வாங்கிக்கொண்டு, "அக்கா, நீ ஒண்ணும் எழுதவேண்டாம், நானே நின்னுக்கறேன்" என்று சொல்லிவிட்டான். எழுதாமலேயே ஆள் நிற்கிற அளவுக்கு என் பேர் பரவியிருக்கிறது.

குரூப்பை மூடிவிடலாம் என்று நேற்று உட்கார்ந்தேன். எங்கே அழுத்தினேன் என்று தெரியவில்லை, குரூப் மூடவில்லை, அதன் முகப்புப் படம் மாறிவிட்டது. உன் சைக்கிள் படம் இருந்த இடத்தில் இப்போது இன்ஸ்பெக்டரின் கால்சட்டை கொடியில் தொங்குகிறது. தேய்த்ததைக் காட்டி அவருக்கு அனுப்புவதற்காக எடுத்த படம். நானூறு பேர் அதற்கு இதயம் போட்டிருக்கிறார்கள். எடுக்கவும் தெரியவில்லை.

ஆகவே தம்பி, உன்னிடம் கேட்பது இதுதான். சனிக்கிழமைக்குள் வந்து சேர். உன் சைக்கிள் கடைக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, மாமா காற்றடித்து வைக்கிறார். ஆறாவது ஆளாக நின்று, தள்ளிக்கொண்டு போயாவது கோட்டைத் தாண்டு. பிறகு அந்தக் குரூப்பை உன் கையாலேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டுப் போ. நீ ஆரம்பித்த ரேஸ் இது. எல்லாரையும் வேகமாக ஓட்டச்சொல்லி நீ ஆரம்பித்தாய், வாயாலேயே ஓட்டிவிட்டேன் நான். பதினான்கு சைக்கிள் நின்ற வாசலில் ஐந்து நிற்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை. கரும்பலகையைத் துடைத்துத் திருப்பி வைத்துவிட்டேன். உன் மாமா அதைப் பார்த்துவிட்டுப் போய் எனக்கு டீ வாங்கி வந்தார். நான் கேட்காமல் அவர் டீ வாங்கி வந்தது கல்யாணமாகி இது இரண்டாவது தடவை, அதிலிருந்தே என் நிலைமையைத் தெரிந்துகொள்.

வேறு விசேஷம் இல்லை. பெட்டிச் சூடு உடம்புக்குள் ஏறாமல் நானும், மூட்டைத் தூசு நெஞ்சுக்குள் இறங்காமல் நீயும் நல்லபடி இருக்க வேண்டும். தேய்த்த சட்டை போல ஒரு சுருக்கமும் இல்லாமல் உன் காலம் போகட்டும். உன் மாமா கேட்டதாகச் சொல்லச் சொன்னார், என்ன கேட்டார் என்று சொல்லவில்லை.

இப்படிக்கு,
வாயால் கெட்ட உன் அக்கா

பின்குறிப்பு: இன்றைக்கு ஞாயிறு. புதன்கிழமை தபாலில் போடச்சொல்லி மாமாவிடம் கொடுத்த கடிதம், நேற்று அவர் சட்டையைத் தேய்க்கும்போது பைக்குள்ளிருந்து மொறுமொறுவென்றது. கடிதம் மடிப்புக் கலையாமல் உன் கைக்கு வந்தால் அது தபால்காரன் திறமை என்று நினைத்துவிடாதே.

காலையில் ஐந்து பேர்தான் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் கையில் காகிதத்தோடு வந்து நின்று, விரல் விட்டு எண்ணினார். ஐந்து விரல் முடிந்து அடுத்த கையைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அந்த ஆறாவது விரலைப் பார்க்கச் சகிக்கவில்லை. பெட்டியை அணைத்தேன். பின்னறைக்குப் போய், கொடியில் கைக்கு எட்டிய கால்சட்டையை மாட்டிக்கொண்டு, உன் சைக்கிளை ஆணியிலிருந்து இறக்கிக்கொண்டு வந்து கோட்டில் நின்றேன்.

"அக்கா, நீயா?" என்றான் பித்தான்.

"ஏன், ஆறுன்னு எண்ணத் தெரியாதா உனக்கு?"

இன்ஸ்பெக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, இது..."

"தேய்ச்சாச்சு சார். ஓட்டிப் பார்த்துட்டுத் தர்றேன்."

எட்டாம் வயதில் ஓட்டினது, நாற்பத்தொன்பதில் மறுபடி ஏறினேன். ஐந்து பேரும் ஆறரைக்கெல்லாம் முடித்துவிட்டார்கள், நான் அப்போது முதல் சுற்றில் மணலில் நின்றுகொண்டிருந்தேன். நடுக்கடல்காரன் சொன்னது சரிதான், அங்கே கூட்ட வேண்டும். மாமா மூச்சிரைக்கப் பின்னால் நடந்து வந்து போனில் என்னை நேரடியாகக் குரூப்பில் காட்டிக்கொண்டிருந்தார், தலைகீழாக. நடக்கிறவர் எனக்கு இணையாக வந்தார் என்பதைக் கவனி. ஏழு மணிக்கு இரண்டாவது சுற்றில் கஞ்சி ஒரு பக்கம், பித்தான் ஒரு பக்கம் வந்து முதுகில் கை வைத்துத் தள்ள ஆரம்பித்தார்கள். மூச்சு வாங்கும்போது எனக்கு வாயைக் கட்டத் தெரியாது. "சவால் விட்டீங்களே, வந்தானா அவன்?" என்றேன்.

"பயந்துட்டான்க்கா" என்றார்கள் ரெண்டு பேரும் ஒன்றாக.

"வந்திருக்கான்டா. உனக்கு அந்தப் பக்கம் இருக்கறவன்தான்" என்று ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன்.

ரெண்டு பேரும் என் முதுகைத் தாண்டி ஒருத்தனை ஒருத்தன் எட்டிப் பார்த்தார்கள். முதுகிலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை. பிறகு கஞ்சி, "குப்பை லாரின்னு சொன்னது மனசுல வெச்சுக்காதடா" என்றான். "அது நல்லா இருந்துதுடா, நான் என் கண்டக்டர்கிட்டயே படிச்சுக் காட்டினேன்" என்றான் பித்தான்.

ஏழு இருபத்தெட்டுக்குக் கோட்டைத் தாண்டினேன். விழுந்தேன் என்று சொல்வதுதான் சரி, ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் வாசல் நிறையக் கூட்டம். வாட்ச்மேன், கொத்தனார், கண்ணாடிக் கடைக்காரர், நான் ஒவ்வொரு வாரமாக வெட்டிப் போட்ட அத்தனை பேரும், போனில் பார்த்துவிட்டுத் தூங்கி எழுந்த கோலத்தில் ஓடி வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஒத்தைச் சாக்ஸ் அண்ணன் யாரையும் கேட்காமல் உள்ளே போய், திருப்பி வைத்திருந்த கரும்பலகையை எடுத்து வந்து எழுதினார்: "கடைசி: தீஞ்ச காலர். இவர் வருவதற்குள் எனக்கு ஒரு முழத் தாடி வளர்ந்துவிட்டது." எனக்கும் ஒரு பேர் கட்டிவிட்டார்கள் தம்பி. காலர் கதையைக் கஞ்சி எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான்.

"அடுத்த வாரமும் ஓட்டுவியாம்மா?" என்றார் அண்ணன்.

"எதுக்குண்ணே?"

"நீ ஓட்டுனா நான் வர்றேன். எவ்வளவு மெதுவா வந்தாலும் உனக்கு முன்னாடிதானே வருவேன். பொண்ணோட மாமியார்கிட்டச் சொல்லணும்."

அதைக் கேட்டதும் ஒவ்வொருத்தனும் பேர் கொடுக்க ஆரம்பித்தான். இப்போதைக்குப் பத்தொன்பது பேர். பொத்தானை அழுத்தினவர்கள் இல்லை, கடையில் துணியைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள். அண்ணன் ஒரு சாக்ஸ் கொடுத்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் காகிதத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, கால்சட்டையை மட்டும் இன்னொரு தடவை துவைத்துத் தரச்சொன்னார். கடைசி இடம் இனி எனக்கென்று எழுதிவைத்தாயிற்று, யாருக்கும் பயமில்லை.

ஆகையால் மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. குரூப் இருக்கட்டும், கால்சட்டையும் அப்படியே தொங்கட்டும். சனிக்கிழமை பஸ் ஏறிவிடாதே. அவசரப்பட்டு லீவு போட்டு வந்து, சும்மா ஒரு சுற்று என்று கோட்டில் நின்றுவிடாதே. உன் ஓட்டம் எனக்குத் தெரியும். நீ வந்தால் என் இடம் போய்விடும்.